சமையலறைச் சுவரில் ஒரு வழி

எங்கள் வீட்டின் பக்கச் சுவருக்குப் பல் உண்டு. பின்னாளில் ஒரு அறை சேர்க்கிற எண்ணம் இருந்தால், வீடு கட்டும்போதே கொத்தனார் சுவர் ஓரத்தில் ஒரு கல் விட்டு ஒரு கல்லை வெளியே நீட்டி வைப்பார். அதைத்தான் பல் விடுவது என்போம். புதுச் சுவர் வந்து அந்தப் பல்லைக் கடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் பழசு எது, புதுசு எது என்று சுவருக்கே தெரியாது.

நான் கொத்தனார். கல்யாணமான புதிதில் இந்த வீட்டை நானே கட்டினேன், பல்லையும் நானே விட்டேன். அறைதான் வரவில்லை. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். பல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. கீழ்ப் பல்லில் என் மனைவி துவைக்கிற சோப்பை வைப்பாள். நடுப் பல்லில் துணிக்கொடி. மேல் பல் குருவிகளுக்கு. தெருவில் போகிறவர்கள், "என்ன கொத்தனாரே, உங்க வீடு எங்களைப் பார்த்து இளிச்சுக்கிட்டே நிக்குது?" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து இளித்துவிட்டு வேலைக்குப் போவேன். பகலெல்லாம் பிறத்தியார் சுவரைக் கட்டிவிட்டு வருகிறவனுக்கு, சாயங்காலம் சுவரில் சாயத்தான் தோன்றும். கட்டத் தோன்றாது.

அந்தப் பல்லுக்கு வேலை வந்தது மகளால்.

மகள் அவள் மாமியாரோடு ஊரின் மறுகோடியில் வாடகை வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். "நான் வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் என்னை விருந்தாளி மாதிரி பார்க்குறாங்க மாமா" என்று அவரே சிரிப்பார். மாமியாரும் மருமகளும் அப்படி ஒட்டிக்கொண்ட ஜோடி.

வீட்டுக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும், தான் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக. தம்பி இருப்பது வெகு தூரத்தில். தம்பிக்கு ஒரு மனைவி இருக்கிறாள். முன்பு ஒரு தடவை போனபோது ஓடாத ஃபிரிட்ஜும் சைக்கிளும் கிடக்கிற இடத்தில் பாயை விரித்துக் கொடுத்தாளாம்.

மகள் வந்து எங்கள் சமையலறைத் தரையில் காலை நீட்டிக்கொண்டு அழுதாள்.

"அத்தை இல்லாம நான் வரமாட்டேன்பா. அத்தையோ இங்க வரமாட்டாங்க. நான் எங்கப்பா போவேன்?"

"ஏன் வரமாட்டாங்க? நான் என்ன கடிச்சா வைக்கிறேன்?" என்றாள் என் மனைவி.

"மருமகளோட அப்பா வீட்டுல போய் உக்காந்து சாப்பிடறதான்னு கேக்குறாங்க."

நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனோம். சம்பந்தியம்மா என் நெஞ்சு உயரம்கூட இருக்கமாட்டார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்குத்தான் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும் போல இருக்கும். டீ கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார். பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. கடைசியில் என் மனைவி பொட்டென்று போட்டு உடைத்தாள்.

"சம்பந்தி, நீங்க நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. பக்கத்துல ஒரு ரூம் எடுக்கப்போறோம். நீங்களும் நம்ம பொண்ணும் இருங்க."

"நல்ல மனசுலதான் கூப்பிடுறீங்க. ஆனா, பையன் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து சம்பந்தி வீட்டுல மூட்டையை அவிழ்த்துட்டாள்னு நாலு பேர் சொல்லுவாங்க."

"எந்த நாலு பேர்? சொல்லுங்க, நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"ஒண்ணு என் தம்பி பொண்டாட்டி. மிச்சம் மூணு பேரை அவளே பிடிச்சுட்டு வந்துடுவா."

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவர் பதில் அதேதான். விருந்துக்கு வருவேன், வந்து ரெண்டு மணி நேரம் இருப்பேன், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், சம்பந்தி வீடு அதுக்குத்தான் என்றார்.

மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரி அத்தை, நீங்க குடி வரவேணாம். அப்பா எப்படியும் ரூம் கட்டத்தான் போறாரு. பகல்ல வீட்டுல யாரும் இல்ல. சுவருக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லாம அது வெடிச்சுப் போகட்டும். நமக்கென்ன?"

அது உண்மைதான். புதுச் சுவரைக் காயவிடக் கூடாது. காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினால்தான் சிமெண்ட் பிடிக்கும். நான் இருட்டு விலகும்போதே சைட்டுக்குப் போய்விடுவேன். மனைவி ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். மகள் மருந்துக்கடையில் கல்லாவில் நிற்கிறாள்.

சம்பந்தியம்மா டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினார். பிறகு, "வெடிக்க விடுவாங்களா யாராவது? தண்ணி காட்டறது வேற, குடி வர்றது வேற. தண்ணி மட்டும் நான் வந்து காட்டிட்டுப் போறேன்" என்றார்.

அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. ஒரு பழைய கட்டடத்தை இடித்த இடத்தில் செங்கல் கிடைத்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடுக்கினேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை ரெண்டு வரிசை, சில நாள் ஒரு வரிசை. தோள்பட்டை எனக்கு முன்னாலேயே தூங்கப் போய்விடும். கை மட்டும் கலவை பூசும் கரணையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சம்பந்தியம்மா காலையில் பஸ் ஏறி வருவார். துணிப்பையில் ரொட்டி, பிளாஸ்கில் டீ, பாட்டிலில் தண்ணீர். என் மனைவி சாப்பாடு செய்து மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடி வைத்தது மூடி வைத்தபடி இருக்கும். எங்கள் குழாயில் பிடித்த தண்ணீரைச் சுவருக்குக் கொடுத்தார், தான் ஒரு வாய் குடிக்கவில்லை. மத்தியானம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து தன் ரொட்டியைத் தின்றுவிட்டு, பழையபடி வாளியைத் தூக்குவார்.

"என் கையால சாப்பிட்டா என்ன, அவங்க கிரீடம் இறங்கிடுமா?" என்று மனைவி புலம்புவாள். மறுநாளும் செய்து மூடிவைப்பாள்.

ஆனால் தண்ணீர் ஊற்றுகிற விதம்! நான் நிறைய ஆள் பார்த்திருக்கிறேன். வாளியோடு எடுத்துச் சுவரின் மூஞ்சியில் அடித்துவிட்டுப் போவார்கள். இவர் மக்கில் மொண்டு, ஓரத்திலிருந்து விசிறி விசிறி ஊற்றுவார். ஒரு மூலை விடாது. தனக்கு எட்டாத உயரத்துக்குச் செங்கல் அடுக்கிப் படி செய்துகொண்டார். சில சாயங்காலம் நான் வரும்வரை இருப்பார்.

"சம்பந்தி, அந்த வரிசை நூலை விட்டு வெளிய வந்திருக்கு."

நான் குனிந்து பார்ப்பேன். வந்துதான் இருக்கும்.

"நீங்க என்னை வேலையை விட்டு எடுத்துடுவீங்க போலிருக்கே."

"சம்பளம் கொடுத்தாத்தானே எடுக்க முடியும்?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

மகளும் மனைவியும் நம்பிக்கை வைத்தார்கள். தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் மனசு கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா? எனக்கும் அதே நினைப்புத்தான். ஆகவே அறைக்கு வழி எங்கே வைப்பது என்பதை நான் ஒருவனே ராவும் பகலும் யோசித்தேன். சமையலறைச் சுவரை உடைத்து வழி வைத்தால் அறை எங்கள் வீட்டுக்குள் சேர்ந்துவிடும். அப்புறம் அவர் சம்பந்தி வீட்டில்தானே இருப்பதாக ஆகும்? அதைத்தானே வேண்டாம் என்கிறார்? தெருப் பக்கம் வாசல் வைத்துவிட்டால் அது தனி வீடு. அவர் வாசல், அவர் பூட்டு, அவர் சாவி.

மனைவி ஒரு நாள் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏங்க, சமையலறைப் பக்கம் வழி விடலயா?"

"நீ சும்மா இரு. அந்தம்மா ரோஷம் எனக்குத் தெரியும். நாலு பேர் கேட்டா சம்பந்தி வீட்டுல இருக்கேன்னு சொல்லவேண்டாம், பக்கத்து வீட்டுல இருக்கேன்னு சொல்லிக்கலாம்."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான். நாம உள்ள வழி வச்சா, எந்நேரமும் எட்டிப் பார்ப்பாங்கன்னு நினைச்சாலும் நினைப்பாங்க."

மரியாதை பார்த்துப் பார்த்தே ரெண்டு பேரும் கூடி அந்தச் சுவரை மூடியே விட்டோம்.

தெருப் பக்கம் நிலை வைத்த அன்றைக்குச் சம்பந்தியம்மா கூடவே நின்றார். நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவர் நிலைக்குள் நுழைந்து, கூரை வராத அந்த அறையை நாலு பக்கமும் பார்த்தார். சமையலறைச் சுவருக்கு முன்னால் போய் நின்று அதைக் கையால் ஒரு தடவை தொட்டார்.

"சம்பந்தி, வழி இது ஒண்ணுதானா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஒண்ணேதாம்மா. தனி வழி. நீங்க எப்ப வந்தீங்க எப்ப போனீங்கன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் கேக்கமாட்டோம்."

"நல்லது" என்றார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுவரின் காலடியில் ஊற்றினார். வாளியைக் கவிழ்த்து, மேலே மக்கை வைத்தார். பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் வந்தபோது சுவர் வெளுத்துக் கிடந்தது. வாளி கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. உடம்பு சரியில்லையோ என்று மகளுக்குப் போன் போட்டோம்.

"என்னப்பா பண்ணீங்க?" என்றாள். குரலே சரியில்லை. "அத்தை பெட்டியை இறக்கி அடுக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க தம்பி வண்டி எடுத்துட்டு வராராம்."

"நான் ஒண்ணும் சொல்லலயேம்மா!"

"நீங்க சொல்லல. உங்க சுவர் சொல்லிடுச்சு. அத்தை ரெண்டு நாளா பேசவே இல்ல. இன்னைக்குத்தான் வாயைத் திறந்தாங்க. 'எனக்குன்னு ரூம் கட்டுறாங்கன்னு நினைச்சேன். வாடகைக்கு வர்றவளுக்குக் கட்டற மாதிரி தெருவுல வாசல் வச்சிருக்காங்க. திடீர்னு நெஞ்சு வலிச்சா நான் ரோட்டுக்கு இறங்கி வந்து உங்கப்பன் வீட்டுக் கதவைத் தட்டணும்'னாங்க."

என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சமையலறைக்குள் போனாள். அந்தச் சுவரில் அவளுடைய பலகை இருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து அதில்தான் டப்பாக்கள். ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தாள். கடைசியில் பலகையையும் கழற்றினாள்.

"உடைங்க" என்றாள்.

பழைய சுவரை நினைத்த மாதிரி உடைத்துவிட முடியாது. மேலே பாரம் இருக்கிறது. முதலில் மேலே முட்டுக் கொடுத்து, நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பாரம் தாங்க வார்த்த லிண்டல் ஒன்றைச் செருகி, இறுக விட்டு, அப்புறம்தான் கீழே கை வைக்க வேண்டும். லிண்டலை சைட்டில் மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி, தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். வேலை விட்டு வந்த சாயங்காலங்கள் அதற்கே போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுவரில் உளியை வைத்தேன்.

அது என் சுவர். நான் வாலிபத்தில் கட்டியது. கலவை கல்லாகிக் கிடந்தது. சுத்தியல் போட்டால் கை அதிர்கிறதே தவிர சுவர் அசையவில்லை.

"எந்தப் பாவி இவ்வளவு கெட்டியா கட்டினான்?" என்றேன்.

"எனக்காகக் கட்டினான். பேசாம உடைங்க" என்றாள் மனைவி. அவள் விழுகிற தூளை அள்ளிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேர் முகமும் மாவில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

மதியம் தாண்டியபோது ஒரு கல் லேசாக ஆடியது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். அது அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஓட்டை வழியாகப் புது அறையின் வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா நிற்கிறார். பக்கத்தில் என் மகள்.

ஊரை விட்டுப் போகிறவர், சொல்லாமல் போனால் மரியாதை இல்லை என்று சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார். உள்ளே தாழிட்டிருந்த முன்வாசலைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். சுத்தியல் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் வந்த பக்கமாகச் சுற்றி வந்து, அந்தக் கூரையில்லாத அறைக்குள் நின்றிருக்கிறார்கள். செங்கல் அவர் காலடியில் போய் விழுந்திருக்கிறது.

"சம்பந்தி? என்ன பண்றீங்க?"

"வழி வைக்கிறேம்மா."

"எதுக்கு?"

நான் தூசியில் இருமினேன். மனைவி என் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை நுழைத்தாள்.

"எனக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா நான் யார் கதவைத் தட்டறது சம்பந்தி? இவரு படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாரு. நீங்க பக்கத்துல இருந்தும் நான் ரோட்டைச் சுத்தி வரணுமா?"

சம்பந்தியம்மா நிமிர்ந்து சுவரின் மேல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "மேல முட்டு கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கொடுத்திருக்கு."

"லிண்டல்?"

"உக்காந்திருக்கு."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் இருந்தே அடிக்கிறீங்க? கல்லு எல்லாம் இங்க வந்து விழுது, அள்ள யாரு இருக்கா?"

இதைச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து துண்டை எடுத்தார். ஒரு முறுக்கு, ரெண்டு சுற்று. கண் மூடித் திறப்பதற்குள் தலையில் சும்மாடு ஏறிவிட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படிச் சும்மாடு கட்ட வெறும் ஆளால் முடியாது. வருஷக்கணக்காகக் கலவைச் சட்டி சுமந்த தலைக்குத்தான் அது வரும். தண்ணீர் விசிறின கையும், நூல் பிடித்துப் பார்த்த கண்ணும் எங்கிருந்து வந்தன என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை.

"சித்தாள் வேலை பார்த்திருக்கீங்களா?"

"உங்க மாப்பிள்ளையை வேற எப்படிப் படிக்க வச்சேன்னு நினைச்சீங்க? சட்டியைத் தள்ளுங்கண்ணே."

அண்ணே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

இன்னும் நாலைந்து கல்லைத் தட்டிவிட்டு, ஓட்டை வழியாகச் சட்டியைத் தள்ளினேன். நான் உடைத்தேன், மகள் அள்ளிப் போட்டாள், சம்பந்தியம்மா தூக்கிக்கொண்டு போய்த் தெரு ஓரத்தில் கொட்டினார். வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று மகள் கத்தினாள். "உன் இடுப்பைப் பார்த்துக்கோ" என்றார். ஓட்டை ஜன்னல் அளவானது. இன்னும் கொஞ்சம் பெரிதானது. நடுவில் அவர் தன் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார், காலி. என் மனைவி எங்கள் டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த வழியாக நீட்டினாள். நான் சுத்தியலை ஓங்கியவன் அப்படியே நின்றேன்.

சம்பந்தியம்மா டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாங்கி மடமடவென்று குடித்தார்.

"தூசி விழுந்திருக்கு இதுல" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொண்ணு கொடுங்க."

மனைவி திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். முகமெல்லாம் சேறாகிவிட்டது.

சாயங்காலம் தம்பி வண்டியோடு அவர்கள் வாடகை வீட்டுக்கு வந்து போன் செய்தபோது, சம்பந்தியம்மா தலையில் சட்டியோடு நின்றார். மகள் போனை அவர் காதில் வைத்தாள். "இங்க வேலை நடக்குது, பேச நேரமில்ல. உன் பொண்டாட்டியைக் கேட்டதாச் சொல்லு. அந்த மூணு பேரையும் கேட்டதாச் சொல்லு" என்றார். அவன் எந்த மூணு பேர் என்று கத்தியது எங்களுக்கும் கேட்டது.

கூரை போட்டு, பூச்சு காய்ந்து, கதவு வருவதற்கு முன்பே குடி வந்துவிட்டார்கள். உள் வழியில் கொஞ்ச நாள் ஒரு போர்வை தொங்கியது. பிறகு கதவோடு கார்பெண்டர் வந்தார். அவரை ரேடியோ என்று கூப்பிடுவோம். வாயை அணைக்கவே முடியாது. கதவை மாட்டி, ஆட்டிப் பார்த்து, சீவி, மறுபடி மாட்டும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவர், பெட்டியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? சமையலறைப் பக்கமா, ரூம் பக்கமா?"

எங்கள் பக்கம் வைத்தால் அவரைச் சாத்தி வைத்த மாதிரி. அவர் பக்கம் வைத்தால் அவர் எங்களைச் சாத்தின மாதிரி. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் கூரையைப் பார்த்தாள். இதிலும் ஒரு தப்பு செய்துவிட்டு மறுபடி சுவரை உடைக்க என் தோளில் தெம்பில்லை.

"தாழ்ப்பாளே வேண்டாம்னு விட்டுடலாமா?" என்றேன்.

"அது எப்படி?" என்று உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தார் சம்பந்தியம்மா. "ரெண்டு பக்கமும் போடுப்பா."

"ரெண்டு எதுக்கும்மா?" என்றார் ரேடியோ.

"நாளைக்கு எங்களுக்குள்ள சண்டை வந்தா, அவங்க அவங்க பக்கம் சாத்திக்கட்டும். நான் என் பக்கம் சாத்திக்கிறேன்."

என் மனைவி திகைத்துப் போனாள். "நமக்குள்ள சண்டை வருமா சம்பந்தி?"

"வராம? ஒரே வீட்டுல இருக்கப்போறோம். நீங்க டப்பாவை மூடாம வைக்கிறதுக்கே நான் மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"நான் மூடாம வைக்கிறேனா? நீங்கதான் விளக்கை அணைக்கிறதே இல்ல!"

"பாரு, வந்துடுச்சு" என்றார் ரேடியோ. "ஆனா என்கிட்ட ஒரு தாழ்ப்பாள்தான் இருக்கு."

"கடை மூடறதுக்குள்ள போய் இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க" என்று மனைவி என்னை விரட்டினாள். அவள் முகம் சிரிப்பை அடக்கிச் சிவந்திருந்தது. முன்வாசல் வழியாகப் போனால் சுற்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, புதுக் கதவைத் தாண்டி, அறைக்குள் காலை வைத்து, தெரு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். "செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க. இப்பத்தான் கூட்டி வச்சிருக்கேன்."